ஸ்டாடின் மாத்திரையும் தசைவலியும்: அளவைக் குறைப்பதா, மாத்திரையை மாற்றுவதா?

கொழுப்புக்கு ஸ்டாடின் ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருக்கும். இரண்டு தொடையும் கனக்கின்றன, மாடிப்படி ஏறினால் வலிக்கிறது. டாக்டரிடம் சொன்னால் மூன்று நான்கு வழிகள் சொல்கிறார்: அதே மாத்திரையின் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாடினுக்கு மாறலாம், ஸ்டாடினே இல்லாத மருந்துக்குப் போகலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்பி, கடைசியில் நாமே மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் அதிகம் நடக்கிறது.

இந்தக் குழப்பத்தில் பலரும் மாத்திரைகளின் பெயர்களையும் வீரியத்தையும்தான் ஒப்பிடுகிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: அந்த மாத்திரை எந்த வழியாகக் கல்லீரலுக்குள் போகிறது? ஸ்டாடின் பலன் தரும் இடம் கல்லீரல், தொல்லை தரும் இடம் தசை. மருந்தில் எவ்வளவு கல்லீரலுக்குள் போகும், எவ்வளவு ரத்தத்தில் சுற்றும் என்பதைப் பெருமளவு முடிவு செய்வது செல் சவ்வில் இருக்கும் ஒரு கடத்திப் புரதம். அதன் கணக்கு புரிந்தால் இந்தத் தேர்வு பாதி எளிதாகிவிடும்.

## கல்லீரலின் வாசலில்

அந்தப் புரதத்தின் பெயர் ஓஏடிபி1பி1. கல்லீரல் செல்லின் சவ்வில், ரத்தத்தைப் பார்த்த பக்கத்தில் மட்டும் இது இருக்கிறது. 691 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி, சவ்வை 12 முறை குறுக்கே ஊடுருவி ஒரு வாசல் போல அமைந்திருக்கிறது. இதற்கான மரபணு எஸ்எல்சிஓ1பி1, 12ஆவது குரோமோசோமில் உள்ளது. பித்த அமிலங்கள், பிலிருபின் எனும் மஞ்சள் நிறமி, சில ஹார்மோன் சேர்மங்கள் ஆகியவற்றை ரத்தத்திலிருந்து கல்லீரலுக்குள் இழுப்பதுதான் இதன் அன்றாட வேலை. ஸ்டாடின் மூலக்கூறுகளும் அதே வாசல் வழியாக உள்ளே போய்விடுகின்றன.

சிம்வாஸ்டாடின் மாத்திரை ஒன்றைத் தொடர்ந்து போய்ப் பார்ப்போம். விழுங்கும்போது அது செயலற்ற வடிவத்தில் இருக்கிறது. உடலுக்குள் போன பிறகுதான் அமில வடிவமாகி வேலைக்குத் தயாராகும். அந்த அமில வடிவம் ரத்தத்தோடு கல்லீரலுக்கு வரும்போது பெரும்பகுதியை ஓஏடிபி1பி1 உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே, கொலஸ்ட்ரால் தயாரிக்கும் நொதியை மருந்து தடுக்கிறது. தயாரிப்பு குறைந்ததும் கல்லீரல் செல் தன் மேற்பரப்பில் எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) ஏற்பிகளைக் கூட்டிக்கொண்டு, ரத்தத்திலுள்ள எல்டிஎல்லைப் பிடித்து இழுக்கிறது. ஆய்வக அறிக்கையில் எண் இறங்குவது இதனால்தான்.

சிலருக்கு இந்தப் புரதத்தின் 174ஆவது இடத்தில் வேலினுக்குப் பதிலாக அலனின் உட்கார்ந்திருக்கும். ஒரே ஒரு எழுத்து மாற்றம்தான். ஆனால் அப்படிப்பட்ட புரதம் சவ்வுக்குப் போய்ச் சேர்வது குறைகிறது, வாசல் குறுகிவிடுகிறது. உள்ளே போக முடியாத மருந்து ரத்தத்தில் தங்கி, தசை வரைக்கும் போகிறது. மாற்றம் பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்திருந்தால், சிம்வாஸ்டாடின் அமிலத்தின் ரத்த அளவு மற்றவர்களைவிட 3 மடங்குக்கு மேல் போகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, ரத்தத்தில் மருந்து 3 மடங்கு ஆனதால் கொழுப்பு கூடுதலாகக் குறைவதில்லை. வேலை நடக்கும் இடத்துக்குள் மருந்து போகவில்லையே! சொல்லப்போனால் எல்டிஎல் குறைவது ஒரு துளி மந்தமாகத்தான் இருக்கிறது. பலன் கூடாமல் பக்கவிளைவு மட்டும் கூடும் நிலை இது.

இது ஆய்வகக் கணக்கோடு நிற்கவில்லை. 2008இல் வெளியான சர்ச் ஆய்வில், தினமும் 80 மில்லிகிராம் சிம்வாஸ்டாடின் எடுத்துத் தசை பாதிக்கப்பட்ட 85 பேரின் மரபணுக்களை, பாதிக்கப்படாத 90 பேரோடு ஒப்பிட்டார்கள். மரபணுத் தொகுதி முழுவதிலும் பளிச்சென்று தெரிந்தது எஸ்எல்சிஓ1பி1 ஒன்றுதான். மாற்றத்தின் ஒரு பிரதி இருந்தால் பாதிப்பு வாய்ப்பு சுமார் 4.5 மடங்கு, இரண்டு இருந்தால் ஏறக்குறைய 17 மடங்கு. மூன்று ஆண்டுகள் கழித்து, 2011இல், அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 80 மில்லிகிராம் சிம்வாஸ்டாடினை யாருக்கும் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. தசைச் சேதம் பற்றிச் சேர்ந்திருந்த மருத்துவ ஆய்வுத் தரவுகள்தான் காரணம்.

இந்த வாசல் முழுக்க மூடிப்போனால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஓஏடிபி1பி1, அதன் உறவான ஓஏடிபி1பி3 இரண்டும் இல்லாமல் பிறப்பவர்களுக்கு ரோட்டர் சிண்ட்ரோம் வருகிறது. 2012இல் இது உறுதியானது. கல்லீரல் பிலிருபினைத் திரும்ப இழுக்க முடியாமல் கண்ணில் லேசான மஞ்சள் நிரந்தரமாக இருக்கும், வேறு பெரிய தொல்லை இருக்காது. ஆனால் ஸ்டாடின் போன்ற மருந்துகளை இவர்களுக்குத் தரும்போது கூடுதல் கவனம் வேண்டும்.

இன்னொரு புரதத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்: ஏபிசிஜி2. இது எதிர்த்திசையில் வேலை செய்வது. குடலிலும் கல்லீரலின் பித்தநீர்ப் பக்கத்திலும் நின்று, மருந்தை வெளியே தள்ளும். யூரிக் அமிலத்தையும் அப்படியே தள்ளும். இதன் 141ஆவது இடத்தில் குளுட்டமினுக்குப் பதில் லைசின் வந்தால் தள்ளும் திறன் ஏறக்குறைய பாதியாகிறது. அதனால் கௌட் எனும் மூட்டு நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது, ரோசுவாஸ்டாடினின் ரத்த அளவும் கூடுகிறது. கிழக்கு ஆசிய வம்சாவளியினரிடம் இந்த மாற்றம் மிகப் பரவலாக இருக்கிறது.

## முதலில், வலிக்கு மாத்திரைதான் காரணமா?

ஒப்பீட்டுக்குள் போவதற்கு முன்னால் இந்தக் கேள்வியைத் தீர்த்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் பல நேரம் காரணம் மாத்திரை இல்லை.

2020இல் வெளியான சாம்சன் ஆய்வில், பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாடினைக் கைவிட்ட 60 பேரைச் சேர்த்தார்கள். ஓராண்டுக்கு, சில மாதம் அடார்வாஸ்டாடின், சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் ஒன்றுமே இல்லை. எந்த மாதம் உண்மையான மருந்து என்பது அவர்களுக்குத் தெரியாது. தொல்லையை 100க்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8, வெற்று மாத்திரையில் 15.4, ஸ்டாடினில் 16.3. வெற்று மாத்திரைக்கும் ஸ்டாடினுக்கும் நடுவில் ஒரு புள்ளிகூட இல்லை! வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. வலி உண்மையானது, அதைக் கொண்டுவந்தது மாத்திரையின் வேதியியல் இல்லை, மாத்திரை எடுக்கிறோம் என்ற எதிர்பார்ப்பு.

2022இல் வந்த பெரிய தொகுப்பாய்வும் இதையே சொன்னது: ஸ்டாடின் எடுப்பவர்கள் சொல்லும் தசைவலிகளில் 90 சதவீதத்துக்கு மேல் ஸ்டாடினால் வந்தவை அல்ல. மிச்சமிருக்கும் கூடுதல் வலியும் பெரும்பாலும் முதல் வருடத்தில்தான்.

அதனால் முதலில் தசைச் சேதத்தைக் காட்டும் சிபிகே எனும் ரத்தப் பரிசோதனை, தைராய்டு பரிசோதனை, சமீபத்தில் புதிதாகச் சேர்ந்த மருந்துகளின் பட்டியல், புதிதாக ஆரம்பித்த கடும் உடற்பயிற்சி இவற்றைப் பாருங்கள். தைராய்டு சுரப்பு குறைவாக இருந்தால் அதுவே தசைவலி தரும், கொழுப்பையும் ஏற்றும். பிறகு டாக்டர் சொன்னால் இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திப் பார்த்து, மறுபடி ஆரம்பித்துப் பார்க்கலாம். நிறுத்தினால் போய், ஆரம்பித்தால் திரும்பினால்தான் சந்தேகம் வலுக்கும்.

ஆனால் இரண்டு நிலைமைகளில் இந்த நிதானம் கூடாது. சிபிகே இயல்பின் மேல்வரம்பைவிட 10 மடங்கு தாண்டியிருந்தாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்புறம், மாத்திரையை நிறுத்தி வாரக்கணக்கில் ஆகியும் தசை பலவீனம் கூடிக்கொண்டே போனால், அது உடலின் எதிர்ப்பாற்றல் சொந்தத் தசையையே தாக்கும் அரிய நோயாக இருக்கலாம். அங்கே வேறு ஸ்டாடினுக்கு மாறுவது தீர்வே இல்லை.

## எதை வைத்து எடை போடுவது?

என் பார்வையில் ஐந்து கேள்விகள் போதும்.

எல்டிஎல் எவ்வளவு சதவீதம் குறைய வேண்டும்? ஏற்கனவே மாரடைப்பு வந்தவருக்குப் பாதியாவது குறைய வேண்டும். லேசான அபாயம் உள்ளவருக்கு 30 சதவீதம் போதலாம். இந்த எண் தெரியாமல் மாத்திரையை ஒப்பிடுவது வீண்.

ஓஏடிபி1பி1 பலவீனமானால் ரத்த அளவு எவ்வளவு ஏறும்?

கூட எடுக்கும் மருந்துகள் என்னென்ன? மரபணு நன்றாக இருந்தாலும் ஒரு மருந்து வாசலை அடைத்துவிட முடியும்.

சிறுநீரகம், யூரிக் அமிலம், வயது, உடல் எடை எப்படி?

கடைசியாக, எண்ணை இறக்குவது மட்டுமல்லாமல் மாரடைப்பையும் குறைக்கிறது என்பதற்குப் பெரிய ஆய்வு இருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்குத்தான் நான் அதிக எடை தருவேன். செரிவாஸ்டாடின் என்றொரு மாத்திரை இருந்தது. ஜெம்ஃபிப்ரோசில் எனும் இன்னொரு கொழுப்பு மருந்தோடு சேர்ந்தபோது அதன் ரத்த அளவு 5 மடங்குக்கு மேல் ஏறியது. ஜெம்ஃபிப்ரோசில் ஓஏடிபி1பி1 வாசலையும் அடைத்தது, மருந்தை உடைக்கும் கல்லீரல் நொதியையும் தடுத்தது. தசை சிதைந்து பலர் இறந்த பிறகு 2001 ஆகஸ்டில் அந்த மாத்திரை உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. மரபணுவைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் தங்கள் மருந்துச் சீட்டைத் திருப்பிப் பார்ப்பதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

## வழி 1: அதே மாத்திரை, குறைந்த அளவு

எளிமையான வழி, பலரும் குறைத்து மதிப்பிடும் வழியும் இதுதான்.

ஸ்டாடின்களில் ஒரு கணக்கு உண்டு: அளவை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் கூடுதலாக 6 சதவீதம்தான் குறையும். திருப்பிப் போட்டுப் பாருங்கள். அடார்வாஸ்டாடின் 10 மில்லிகிராமில் எல்டிஎல் சராசரியாக 37 சதவீதம் குறைகிறது, 20இல் 43, 40இல் 48, 80இல் 51. ஆக 40லிருந்து 20க்கு இறங்கினால் இழப்பது 5 சதவீதப் புள்ளி மட்டும். ஆனால் ரத்தத்தில் சுற்றும் மருந்து ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. வாசல் குறுகலானவருக்கு இதைவிட நல்ல பேரம் கிடைக்காது.

இழந்ததைத் திரும்பப் பெற, ஸ்டாடின் அல்லாத எசெடிமைப் 10 மில்லிகிராம் சேர்க்கலாம். ஸ்டாடினோடு சேரும்போது அது எல்டிஎல்லை மேலும் 20 சதவீதத்துக்குச் சற்று அதிகமாகக் குறைக்கும். 2022இல் வந்த ரேசிங் ஆய்வு இதய நோயுள்ள 3,780 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ரோசுவாஸ்டாடின் 10உடன் எசெடிமைப், மறு பிரிவுக்கு ரோசுவாஸ்டாடின் 20 மட்டும் கொடுத்து மூன்று ஆண்டு கவனித்தது. மாரடைப்பு முதலிய நிகழ்வுகளில் முதல் பிரிவு பின்தங்கவில்லை. தாங்க முடியாமல் நிறுத்தியவர்கள் அல்லது அளவைக் குறைத்தவர்கள் முதல் பிரிவில் 4.8 சதவீதம், இரண்டாவதில் 8.2 சதவீதம்.

கண்ணுக்குத் தெரியாத செலவு: இரண்டு மாத்திரை அல்லது ஒரு கூட்டு மாத்திரையின் விலை. கூட்டு மாத்திரையில் ஒன்றை மட்டும் தனியாகக் குறைக்க முடியாது.

இது பொருந்தாத இடம் சிம்வாஸ்டாடின். ஓஏடிபி1பி1 பலவீனம் நிரூபணமானவர் அதன் அளவைக் குறைத்துக்கொண்டு தொடர்வதைவிட, மாற்றிக்கொள்வதே சரி.

## வழி 2: ரோசுவாஸ்டாடினுக்கு மாறுவது

மாற்றலாம் என்றதும் டாக்டர்கள் பெரும்பாலும் இதைத்தான் எழுதுவார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. 10 மில்லிகிராமில் எல்டிஎல் 46 சதவீதம் குறைகிறது. ஓஏடிபி1பி1 பலவீனமானாலும் ரத்த அளவு சுமார் 1.6 மடங்குதான். சிம்வாஸ்டாடினையும் அடார்வாஸ்டாடினையும் உடைக்கும் சிஒய்பி3ஏ4 நொதியை இது நம்பியிருக்கவில்லை, அதனால் அந்த நொதியைத் தடுக்கும் மருந்துகளோடு தகராறு குறைவு. 17,802 பேர் கலந்துகொண்ட ஜுப்பிட்டர் ஆய்வு 2008இல் இதன் பலனைக் காட்டியது. அதே ஆய்வில் இருந்தவர்களின் மரபணுவைப் பிறகு பார்த்தபோது, இந்த மாற்றம் உள்ளவர்களுக்குத் தசைவலி கூடவில்லை.

அப்புறம் ஏன் எல்லோருக்கும் இதையே தரக்கூடாது? இரண்டாவது புரதம் இங்கேதான் குறுக்கே வருகிறது. ஏபிசிஜி2 மாற்றத்தின் இரண்டு பிரதிகள் இருந்தால் ரோசுவாஸ்டாடினின் ரத்த அளவு சுமார் 2.4 மடங்கு. அதாவது ஒரு வாசலில் தப்பித்து இன்னொரு வாசலில் மாட்டிக்கொள்ளலாம். ஆசிய வம்சாவளியினருக்கு இதன் ரத்த அளவு சராசரியாக இரட்டிப்பாக இருப்பதால், 5 மில்லிகிராமில் ஆரம்பிக்கச் சொல்லும் குறிப்பு மருந்தின் அமெரிக்க விவரத்தாளில் சேர்க்கப்பட்டது. எடுத்த எடுப்பில் 20 அல்லது 40 எழுதப்பட்டிருந்தால் ஏன் என்று டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை.

இதர மறைமுகச் செலவுகள்: சிறுநீரகம் கடுமையாகப் பழுதானவருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. அலுமினியம், மெக்னீசியம் கலந்த நெஞ்செரிச்சல் மருந்தைச் சேர்த்துக் குடித்தால் ரோசுவாஸ்டாடினில் பாதி வீணாகும். இரண்டு மணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் ரத்த உறைவுப் பரிசோதனையை மாற்றத்துக்குப் பிறகு மறுபடி பார்க்க வேண்டும்.

இன்னொரு வசதி, அரை ஆயுட்காலம், அதாவது ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 19 மணி நேரம். தினமும் தாங்காதவர்களுக்கு ஒன்றுவிட்ட நாள் கொடுத்துப் பார்க்கும் டாக்டர்கள் உண்டு. எல்டிஎல் குறைகிறது என்பது உண்மை. ஆனால் அப்படி எடுத்தால் மாரடைப்பு குறையும் என்று காட்டும் பெரிய ஆய்வு கிடையாது. ஒன்றுமே எடுக்காமல் இருப்பதற்கு இது மேல், அவ்வளவுதான்.

## வழி 3: பிரவாஸ்டாடின், ஃப்ளுவாஸ்டாடின், பிடாவாஸ்டாடின்

வீரியம் குறைந்த மாத்திரைகள் என்று முதல் இரண்டையும் ஒதுக்குபவர்கள் அதிகம். 30 முதல் 35 சதவீதம் குறைந்தால் போதும் என்பவருக்கு அந்தக் குறை ஒரு பொருட்டே அல்ல.

ஃப்ளுவாஸ்டாடினின் சிறப்பு, ஓஏடிபி1பி1 பலவீனமானாலும் ரத்த அளவு பெரிதாக மாறுவதில்லை. கொழுப்பில் எளிதாகக் கரைவதால் சவ்வை அதுவாகவே கடந்துவிடுகிறது. ஆனால் அதை உடைப்பது சிஒய்பி2சி9 எனும் நொதி. வார்ஃபரினை உடைப்பதும் அதுவே. இரண்டும் சேர்ந்தால் கவனம் வேண்டும்.

பிரவாஸ்டாடின் விஷயம் சற்று விசித்திரமானது. வாசல் குறுகினால் அதன் ரத்த அளவும் இரண்டு மடங்கை ஒட்டி ஏறுகிறது, ஆனால் தசைச் சேதம் அரிது. தண்ணீரில் கரையும் மருந்து, தசைக்குள் எளிதில் நுழையாது என்பது வழக்கமான விளக்கம். இதை வைத்தே ‘தண்ணீரில் கரையும் ஸ்டாடின் என்றால் வலி வராது’ என்று பலர் எழுதுகிறார்கள். அந்த அளவுக்கு நம்ப வேண்டாம் என்பேன். பெரிய ஆய்வுகளில் கரைதன்மையை வைத்துத் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. அளவும் வீரியமும்தான் வித்தியாசம் காட்டுகின்றன.

பிடாவாஸ்டாடின் 4 மில்லிகிராமில் எல்டிஎல் 40 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைகிறது. வாசலை மிகவும் நம்பியிருக்கும் மருந்து இது: பலவீனமானால் ரத்த அளவு 2.6 முதல் 3 மடங்கு வரை. ஆகவே ஓஏடிபி1பி1 மாற்றம் உள்ளவர் சிம்வாஸ்டாடினிலிருந்து தப்பிக்க இதற்கு ஓடுவதில் அர்த்தமில்லை. எச்ஐவி மருந்துகள் எடுப்பவர்களுக்கு மட்டும் இது தனி இடம் பிடித்திருக்கிறது. 7,769 பேரை வைத்து நடந்த ரிப்ரீவ் ஆய்வில் இதய நிகழ்வுகள் 35 சதவீதம் குறைந்தன. முடிவு 2023இல் வெளியானது.

உறுப்பு மாற்று செய்துகொண்டு சைக்ளோஸ்போரின் எடுப்பவர்களின் நிலைமை தனி. அந்த மருந்து ஓஏடிபி1பி1 வாசலை ஏறக்குறைய பூட்டிவிடும். ரோசுவாஸ்டாடின்கூட 7 மடங்கு ஏறும். சிம்வாஸ்டாடினும் பிடாவாஸ்டாடினும் தரவே கூடாது. குறைந்த அளவு ஃப்ளுவாஸ்டாடின் அல்லது பிரவாஸ்டாடின்தான் பேச்சுக்கே வரும்.

## வழி 4: ஸ்டாடினே வேண்டாம்

எசெடிமைப் தனியாக எடுத்தால் எல்டிஎல் சுமார் 18 சதவீதம் குறையும். இதுவும் ஒரு கடத்திப் புரதத்தின் கதைதான்: சிறுகுடல் செல்லின் சவ்வில் கொலஸ்ட்ராலை உள்ளே இழுக்கும் என்பிசி1எல்1 எனும் புரதத்தை இது தடுக்கிறது. அந்தப் புரதத்தின் ஒரு பிரதி பிறவியிலேயே செயலிழந்தவர்களுக்கு இதய ரத்தக்குழாய் நோய் வெகுவாகக் குறைவாக இருப்பது 2014இல் தெரியவந்தது. தசைத் தொல்லை மிகக் குறைவு. ஆனால் பாதியாகக் குறைய வேண்டியவருக்கு 18 சதவீதம் எந்த மூலைக்கு?

பெம்பிடோயிக் ஆசிட் இன்னும் சுவாரசியமானது. ஸ்டாடின் தடுக்கும் அதே உற்பத்திப் பாதையை, இன்னும் முந்தைய கட்டத்தில் தடுக்கிறது. அதை உயிர்ப்பிக்கும் நொதி கல்லீரலில் இருக்கிறது, தசையில் இல்லை. ஆகவே மருந்து தசைக்குப் போனாலும் அங்கே அது உறங்கும். ஸ்டாடின் தாங்காத 13,970 பேரிடம் நடந்த கிளியர் ஆய்வில் (2023) முக்கிய இதய நிகழ்வுகள் 13 சதவீதம் குறைந்தன.

செலவு எங்கே என்றால், சிறுநீரகத்தில். யூரிக் அமிலத்தை வெளியேற்ற உதவும் ஓஏடி2 எனும் கடத்திப் புரதத்தை இது தடுப்பதால் யூரிக் அமிலம் ஏறுகிறது. அந்த ஆய்வில் கௌட் வந்தவர்கள் 3.1 சதவீதம், வெற்று மாத்திரைப் பிரிவில் 2.1. ஏற்கனவே கௌட் உள்ளவருக்கு, அதாவது ஏபிசிஜி2 பலவீனமாக இருக்கக்கூடியவருக்கு, இது நல்ல தேர்வு இல்லை. தசைநார் அறுந்த நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. சிம்வாஸ்டாடினோடு சேர்த்தால் அதன் அளவையும் ஏற்றிவிடும்.

பிசிஎஸ்கே9 ஊசிகள் எல்டிஎல்லைப் பாதிக்கு மேல் குறைக்கும், இந்த வாசல்களோடு சம்பந்தமே இல்லை. விலைதான் தடை. மற்ற எல்லா வழியும் அடைபட்ட பிறகு, அபாயம் மிக அதிகமானவர்களுக்கு.

## ஒரே பார்வையில்

| மருந்தும் அளவும் | எல்டிஎல் குறைவு (சுமார்) | ஓஏடிபி1பி1 மிகப் பலவீனமானால் ரத்த அளவு | கவனிக்க வேண்டியது | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| சிம்வாஸ்டாடின் 40 | 39% | 3 மடங்குக்கு மேல் | அம்லோடிபின் எடுத்தால் 20க்கு மேல் கூடாது. கிளாரித்ரோமைசினோடு கூடவே கூடாது | ஏற்கனவே தொல்லையின்றி எடுத்துவருபவர் |
| அடார்வாஸ்டாடின் 20 | 43% | 2.4 மடங்கு | சிஒய்பி3ஏ4ஐத் தடுக்கும் மருந்துகள் | சிறுநீரகம் பழுதானவர் |
| ரோசுவாஸ்டாடின் 10 | 46% | 1.6 மடங்கு | ஏபிசிஜி2 மாற்றம், சிறுநீரகம், நெஞ்செரிச்சல் மருந்து | நிறையக் குறைய வேண்டியவர் |
| பிரவாஸ்டாடின் 40 | 30% | 2 மடங்கை ஒட்டி | வீரியம் குறைவு | பல மருந்து எடுக்கும் முதியவர் |
| ஃப்ளுவாஸ்டாடின் 80 | 35% | பெரிய மாற்றம் இல்லை | வார்ஃபரின் | வாசல் குறுகல், மிதமான இலக்கு |
| பிடாவாஸ்டாடின் 4 | 43% | 2.6–3 மடங்கு | சைக்ளோஸ்போரினோடு கூடாது | எச்ஐவி மருந்து எடுப்பவர் |
| எசெடிமைப் 10 | 18% | முடிவை மாற்றாது | தனியாகப் போதாது | குறைந்த ஸ்டாடினோடு துணையாக |
| பெம்பிடோயிக் ஆசிட் 180 | 20% | முடிவை மாற்றாது | கௌட், தசைநார் | ஸ்டாடின் உண்மையிலேயே தாங்காதவர் |

அட்டவணையில் அம்லோடிபின் வரியை மறுபடி பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கு உலகெங்கும் எழுதப்படும் சாதாரண மாத்திரை அது. சிம்வாஸ்டாடின் 40உம் அம்லோடிபினும் ஒரே சீட்டில் இருந்து தொடை வலித்தால், மரபணுவைத் தேடுவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

## மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டுமா?

வலிக்கு ஸ்டாடின்தான் காரணமா என்று இந்தப் பரிசோதனை சொல்லாது. சிபிகே இயல்பாக இருக்கும் சாதாரண வலியோடு இந்த மாற்றத்துக்கு உள்ள தொடர்பு பலவீனமானது. அடார்வாஸ்டாடினில் ரத்த அளவு ஏறுவது தெளிவு, ஆனால் தசைச் சேதத்தோடான தொடர்பு சிம்வாஸ்டாடின் அளவுக்கு உறுதிப்படவில்லை. ஏற்கனவே ரோசுவாஸ்டாடின் 5 அல்லது 10இல் நிம்மதியாக இருப்பவருக்கு முடிவு எதுவாக இருந்தாலும் சீட்டு மாறப்போவதில்லை. பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

பயன்படும் இடங்கள் உண்டு. முன்பு சிம்வாஸ்டாடினில் சிபிகே எகிறியவர், இப்போது அதிக அளவு ஸ்டாடின் தேவைப்படுபவர், ஏற்கனவே இரண்டு மூன்று ஸ்டாடின் தோற்றவர். இவர்களுக்கு அது ஒரு உச்சவரம்பைச் சொல்லும். மருந்து–மரபணு வழிகாட்டுதல்களை வெளியிடும் சிபிக் குழுவின் 2022 பரிந்துரைப்படி, ஓஏடிபி1பி1 மிகப் பலவீனமானவர் சிம்வாஸ்டாடினைத் தவிர்க்க வேண்டும், அடார்வாஸ்டாடினையும் ரோசுவாஸ்டாடினையும் 20 மில்லிகிராமுக்கு மேல் ஆரம்பிக்கக் கூடாது. ஏபிசிஜி2உம் பலவீனம் என்றால் ரோசுவாஸ்டாடின் 10க்குள். ஸ்டாடினையே கைவிடச் சொல்லும் பரிந்துரை அதில் எங்கும் இல்லை.

இரண்டு பிரதிகளும் மாறியவர்கள் அரிது என்பதையும் நினைவில் வைக்கலாம். ஐரோப்பிய வம்சாவளியில் இந்த மாற்றம் சுமார் 15 சதவீதப் பிரதிகளில் இருக்கிறது. கணக்குப் போட்டால் இரண்டும் மாறியவர்கள் 100 பேரில் 2 பேர். ஆப்பிரிக்க வம்சாவளியில் அதைவிடவும் மிகக் குறைவு. முடிவு ‘இயல்பு’ என்று வந்தாலும் வாசலை அடைக்கும் இன்னொரு மருந்து நாளை சீட்டில் சேரலாம். அதனால் அறிக்கையைப் பத்திரமாக வைத்து, புது மருந்து எழுதும் ஒவ்வொரு டாக்டரிடமும் மருந்துக்கடையிலும் ஸ்டாடின் எடுப்பதைச் சொல்லுங்கள். மாத்திரை மாற்றிய பிறகு 4 முதல் 12 வாரத்துக்குள் எல்டிஎல்லை மறுபடி பார்த்தால், புது மாத்திரை இலக்கை எட்டியதா என்பது தெரிந்துவிடும்.